உருளை வைத்த ராக்கர்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருந்தேன். பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் ஒரு டிரைவர், ஒல்லியான, நெடிய மனிதர், என் கடைக்கும் வருவார். எதுவும் வாங்கமாட்டார். ரோட்டைப் பார்த்தபடியே கேட்பார்:

“டீசல் வண்டிக்கு உருளை வெச்ச ராக்கர் ஆர்ம் மாட்டுனா நல்லதுங்களா?”

என்ஜினுக்குள் வால்வை அழுத்தும் இரும்புக் கை அது.

“தேய்மானம் கொஞ்சம் கம்மியாவுங்க. மெதுவா சுத்துற என்ஜின், இழுவ ஒண்ணும் ஜாஸ்தியாவாது” என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார்.

ஒருமுறை, “எதுக்குங்க இதையே கேக்கறீங்க?” என்றேன்.

“மேட்டுல நல்லா இழுக்கும்னு நம்பி, லேத்துல செஞ்சு மாட்டுனேன். மலை ஏறும்போது என்ஜின் நின்னுபோச்சு. பிரேக்கும் புடிக்கல. சக்கரத்துக்குக் கல்லு வெக்க என் தம்பி எறங்குனான். வண்டி பின்னால உருண்டு அவன்மேலயே ஏறிடுச்சு.”

மெதுவாக, “ராக்கர் ஒடஞ்சுபோச்சா?” என்று கேட்டேன்.

“பிரிச்சுப் பாத்தாங்க. அது நல்லாத்தான் இருந்துச்சு. ஒடஞ்சிருந்தா அதுமேல பழியப் போட்டுட்டுத் தூங்கியிருப்பேன்.”

அடுத்த பௌர்ணமிக்கும் வந்தார். அதே கேள்வியைக் கேட்டார். நான் என்ன சொல்லியிருந்தால் அவருக்குத் தூக்கம் வந்திருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.