எறும்பு வராத காலை

"முழுப் பழமா ஒண்ணு தின்னா பயமில்ல, ஜூஸ்தான் வேணாம்" என்று டாக்டர், இரண்டு வருடமாகச் சர்க்கரை வியாதியோடிருக்கும் என் கணவரிடம் சொன்னபோது, வாசலில் விற்ற கொய்யாவின் மணம் உள்ளே வந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாகூரில் நாங்கள் இருந்த வீட்டின் கொல்லை நினைவுக்கு வந்தது.

கரும்பு பயிரிட்ட என் அப்பாவுக்கும் சர்க்கரை வியாதி. அவர் சிறுநீர் கழித்த இடத்தை அம்மா தினமும் காலையில் குனிந்து பார்ப்பாள். எறும்பு மொய்த்திருந்தால் வீடே அதிரும்.

"ஆலையில கரும்புச்சாறு குடிச்சீங்களா, இல்லியா?"

கொல்லையில் காய்த்த கொய்யாவைக்கூட அவரைத் தொட விடமாட்டாள். ஒருநாள் அப்பா அவள் எதிரிலேயே ஒன்றைப் பறித்து, கொட்டையோடு மென்று தின்றார்.

"நாளைக்கு எறும்பு வந்தா மரத்தையே வெட்டிப்புடறேன், போடி!"

விடிந்ததும் அம்மாவின் பின்னாலேயே ஓடினேன். ஓர் எறும்புகூட இல்லை. அம்மா நேரே மரத்தடிக்குப் போய், ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"வாயில வச்சி ஆறு மாசமாச்சிடி" என்றாள்.

டாக்டரிடமிருந்து வெளியே வந்ததும் இரண்டு கொய்யா வாங்கினேன். "ரெண்டு எதுக்கு?" என்று கேட்டார் என் கணவர். நானும் தின்று இரண்டு வருடமாகிறது என்பது அவருக்குத் தெரியாது.