அம்மா விமானத்தில் போன வருடம்

வாடத் தொடங்கிய பாண்டான் இலையின் மணமும் தைலத்தின் காரமும் அடைத்த காருக்குள் ஒன்றாகக் கலந்தால் எழும் வாசனையை என்னால் இன்றும் நினைவுகூர முடிகிறது. நினைவுகூர்ந்த மறுகணமே உடம்பு அசந்தும் போகிறது. கரப்பான்பூச்சி அண்டாமலிருக்க அப்பா இருக்கைகளுக்கு அடியில் பாண்டான் இலைகளைக் கட்டாகச் செருகி வைப்பார். தூக்கம் வராமலிருக்க அம்மா நெற்றிப்பொட்டில் தைலத்தைத் தடவிக்கொள்வார். என் பள்ளி விடுமுறைகள் எல்லாம் அந்த வாசனையில்தான் தொடங்கின.

நாங்கள் உட்லண்ட்ஸில், எல்லை தாண்டி ஜொகூருக்குப் போகும் கடற்பாலத்துக்கு அருகே குடியிருந்தோம். அப்பா ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். அம்மா மருத்துவமனைத் தாதி. இருவருடைய விடுப்பும் ஒரே வாரத்தில் அமைவது அரிது. அமைந்துவிட்டால் எல்லைக்கு அப்பால் வெகுதூரம் வடக்கே இருக்கும் பினாங்கு, அதுவும் பகல் முழுக்கக் காரில்தான். எங்கள் தீவு நாட்டில் காருக்கான உரிமை பத்தாண்டுகளுக்கே தரப்படுகிறது. அதன்பின் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை ஒப்படைத்துவிட வேண்டும். அப்பாவின் வாதம் முழுவதும் அந்த ஒரு விதியின்மேல் நின்றது. "பத்து வருஷத்துக்குத்தான் இந்த வண்டி நம்மளோடது. அதையும் கார்பார்க்ல நிப்பாட்டி வச்சிட்டு ப்ளேன்ல போகவா வாங்குனேன்?" என்பார்.

பிடோக்கில் இருந்த பெரியப்பா விமானக் கட்சி. ஒவ்வொரு ஆண்டும் தொலைபேசியில் அழைத்து, "என்னடா, இந்த வருஷமும் ஹாலிடே கஸ்டம்ஸ்லயேவா? நாங்க பினாங்குல இறங்கி, சாப்ட்டு, ஒரு தூக்கம் போட்டு எந்திரிக்கறப்பகூட நீ ஜொகூரத் தாண்டியிருக்க மாட்ட லா" என்று சீண்டுவார். "நீ போற எடத்துல ஏர்போர்ட்டத்தான் பாப்ப. நான் ஊரு நாட்டப் பாத்துக்கிட்டே போறேன்" என்று அப்பா திருப்பிக் கொடுப்பார். அவர் வழிநெடுகப் பார்த்தது முன்னால் போகும் லாரியின் பின்பலகையைத்தான் என்பதைப் பின்னிருக்கையிலிருந்த நானும் தம்பியும் அறிவோம்.

எல்லைச் சோதனைச்சாவடிக்கு முன்பே "ஜாம்" தொடங்கிவிடும். வண்டி அங்குலம் அங்குலமாக நகர, எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் வலப்பக்கச் சன்னலில் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். ஒருமுறை இரண்டு மணி நேரம் காத்திருந்த பின்னும் எங்கள் வீட்டுச் சமையலறைச் சன்னல் தெளிவாகத் தெரிந்தது; மூங்கில் கழியில் முதல்நாள் காயப்போட்ட துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. "துணிய எடுக்க மறந்துட்டேன். இறங்கிப் போயி எடுத்துட்டு வந்தாலும் வண்டி இங்கயேதான் நிக்கும்" என்றார் அம்மா. தம்பி சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. இரவுப்பணி முடிந்து வந்து, குளித்து, ஈரத்தலையோடு நேராக முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தவர் அவர்.

விடுப்பு தொடங்குவது எப்போதும் அப்படித்தான் அமையும்: அம்மாவின் கடைசி "நைட் டியூட்டி" முடிந்த காலை. இரவெல்லாம் விழித்திருந்தவர் பகலெல்லாம்கூட விழித்திருக்க வேண்டும், ஏனெனில் முன்னிருக்கையில் இருப்பவர் கண்ணசரக் கூடாது என்பது எங்கள் காரின் சட்டம். "பக்கத்துல ஒருத்தர் தூங்குனா ஸ்டியரிங்குக்கும் தூக்கம் வந்துரும்" என்று அப்பா விளையாட்டாகச் சொல்வதுண்டு. ஆனால் அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் மிகச் சிறியவளாயிருந்தபோது, யோங் பெங்கைத் தாண்டிய நேர்சாலையில் அம்மா சற்றே கண் மூடியிருக்க, சக்கரங்கள் ஓரக்கோட்டின் மேடுகளில் ஏறித் தடதடத்தன. ஒன்றும் ஆகவில்லை. கண் திறந்த அம்மா பார்த்தது, அப்பாவும் அப்போதுதான் கண் திறப்பதை. அதன்பின் அந்தச் சாலையில் அம்மா தூங்கவே இல்லை.

அவர் பேசினார். வடக்கு நோக்கிய அந்த நீண்ட சாலை முழுதும், அப்பாவை விழித்திருக்கச் செய்வதற்காகப் பேசிக்கொண்டே வந்தார். வார்டில் ஒரு முதியவர் தலையணை உறைக்குள் பிஸ்கட் ஒளித்து வைத்தது, தான் பிறந்து வளர்ந்த பூன் லே வீட்டில் இடம் போதாமல் மின்தூக்கிக்கு எதிரே உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தது, பெண் பார்க்க வந்த நாளில் அப்பாவின் கால்சட்டை கணுக்காலுக்கு மேல் நின்றதைக் கண்டு சிரிப்பை அடக்க உள்ளே ஓடியது என்று எல்லாவற்றையும் நான் பின்னிருக்கையில் கண்மூடிக் கிடந்தபடி கேட்டேன். வீட்டில் இவற்றில் ஒன்றையும் அவர் சொன்னதில்லை. குரல் கம்மிப்போனால் வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்குவார். பினாங்கை அடைந்த முதல்நாளை அவர் படுக்கையிலும், இரண்டாம் நாளைத் தலைவலியிலும் கழிப்பார்; பிறகு திரும்பும் பயணத்தைப் பற்றிய பேச்சு வந்துவிடும்.

எனக்குப் பன்னிரண்டு வயதான ஆண்டு, இரவுச் சாப்பாட்டின்போது அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இந்தத் தடவ நான் ப்ளேன்ல போறேன். நீங்க மூணு பேரும் கார்ல வாங்க. அங்க பாக்கலாம்."

அப்பா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "தனியாவா?"

"தனியாத்தான். போயி ரூம்ல படுத்துத் தூங்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அப்ப என் பக்கத்துல யாரு?"

"உங்க மக இருக்கா."

"இவளா? இவ வாயத் திறந்தா வீட்டுக்கு அதிசயமா விருந்தாளி வந்த மாரி இருக்கும்" என்றார் அப்பா. தம்பி, "நானும் ப்ளேன்ல போறேன்மா" என்று இடையில் புகுந்து திட்டு வாங்கினான்.

அம்மா சொன்னபடியே செய்தார். நாங்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதே அவர் பினாங்கில் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. முன்னிருக்கையில் நான். பேச வேண்டிய பொறுப்பு என்னுடையது. சொல்லக் கிடைத்த ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் திருத்தித் திருத்தியே வீணாக்கினேன். கடைசியில், "அப்பா, அது என்ன மரம்?" என்று கேட்டேன்.

"செம்பனை."

சற்றுத் தொலைவு போனதும், "இது?"

"அதுவும் செம்பனதான்." மலாக்காவைக் கடக்கும்வரை அது செம்பனையாகவே இருந்தது. அப்பா கொட்டாவி விட்டார். பிறகு சன்னலை இறக்கினார். பிறகு தன் கன்னத்தில் தானே தட்டிக்கொண்டார். தம்பி பின்னால் உறங்கிவிட்டான். சாலையோரக் கோட்டையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் மடியிலிருந்த அப்பாவின் கைப்பேசி ஒலித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன். "எங்க வந்திருக்கீங்க?" என்றார் அம்மா. அப்பா இடத்தைச் சொன்னார். அத்துடன் அம்மா வைத்துவிடவில்லை. விமானத்தில் பக்கத்திலிருந்தவர் குடித்த காப்பியைப் பற்றித் தொடங்கி, விடுதி வரவேற்பறையின் மீன்தொட்டிக்குப் போய், அங்கிருந்து வார்டுக்கு வந்து, புதிதாகச் சேர்ந்த தாதி ஒருத்தியின் கதையைச் சொல்லலானார். கோலாலம்பூர் கடந்தது. அவருடைய குரல் கம்மியது, தண்ணீர் குடிக்கும் ஓசை கேட்டது, மறுபடி தொடங்கியது. திடீரென்று ஒரு சொல்லின் நடுவே குரல் குழறி நின்று, "ஏங்க, முழிச்சிருக்கீங்களா?" என்று பதறி எழுந்தது.

அப்பா வேகத்தைக் குறைத்தார். சாலையோர ஓய்விடம் ஒன்றின் பலகை தெரிந்ததும் வண்டியை உள்ளே திருப்பி, நிழல் பார்த்து நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தார். வழியில் நிறுத்தித் தூங்குவதை அவர் அதுவரை ஒப்புக்கொண்டதே இல்லை. ஒரே ஓட்டமாகப் போய்ச் சேருவதுதான் அவருக்குக் கார் ஓட்டுவது.

"நிப்பாட்டிட்டேன்" என்றார் கைப்பேசியிடம்.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. இங்கயே தூங்கப் போறேன். எந்திரிச்சதும் சொல்றேன். நீ போன வச்சிட்டுத் தூங்கு."

"நெசமாவா? பிள்ள கிட்டக் குடுங்க."

நான், "ஆமாம்மா, கார் நின்னுருச்சு" என்றேன். மறுமுனையில் நீண்ட மூச்சொன்று கேட்டது. அவ்வளவுதான்.

அப்பா சன்னல்களைப் பாதி இறக்கி, இருக்கையைச் சாய்த்து, வாய் திறந்தபடி உறங்கினார். அவர் உறங்குவது எனக்குப் பழக்கமில்லாத காட்சி. எவ்வளவு களைத்த முகம் அது என்பதை அன்றுதான் கண்டேன். நானும் விழித்தெழுந்த தம்பியும் கடையில் மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம் வாங்கித் தின்றுவிட்டு, கார் கண்ணில் படும்படி ஒரு மேசையில் காத்திருந்தோம்.

பினாங்கை அடைந்தபோது மாலை வெயில் தாழ்ந்துவிட்டிருந்தது. விடுதியறைக் கதவை அம்மா திறக்க நெடுநேரமாயிற்று. அவர் கன்னத்தில் தலையணையின் மடிப்பு பதிந்திருந்தது.

"நல்லாத் தூங்குனியா?" என்றார் அப்பா.

"நீங்க?"

"நானும்."

மறு ஆண்டு அம்மா முன்னிருக்கைக்குத் திரும்பினார். ஆனால் ஓய்விடங்களில் நிறுத்தி இருவரும் தூங்கினார்கள். பயணம் இன்னும் நீண்டது. பெரியப்பாவுக்குக் கிண்டலடிக்க இன்னும் வசதியாயிற்று. பிறகு காரின் பத்தாண்டும் முடிந்தது. அப்பா உரிமையைப் புதுப்பிக்கவில்லை. ஒப்படைக்கும் முன், காய்ந்து சருகான பாண்டான் இலைகளை அவரே குனிந்து பொறுக்கினார்.

இப்போது நாங்கள் விமானத்தில்தான் போகிறோம். அது நல்லதென்றே நான் நினைக்கிறேன். அம்மா இன்னும் இரவுப்பணி பார்க்கிறார், அவருடைய முழங்கால்களும் முன்போல இல்லை. ஆனால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் முடிந்துவிடும் பயணத்தில் யாரும் எந்தக் கதையையும் தொடங்குவதில்லை. வீட்டிலும் அவரவர் கைப்பேசியோடு அவரவர். பூன் லே வீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தவை எல்லாம் அந்த நெடுஞ்சாலையில் கேட்டவை. அவற்றோடு பின்னர் ஒன்றும் சேரவில்லை.

சென்ற ஜூன் விடுமுறையில் அம்மாவுக்குச் சன்னலோர இருக்கை. அன்று காலைதான் பணி முடிந்து வந்திருந்தார். நடைவழிக்கு அப்பால் அப்பா ஏற்கெனவே உறங்கிவிட்டிருந்தார். தம்பியின் காதுகளில் பாட்டு. விமானம் மெல்ல நகரத் தொடங்கியதும் அம்மா என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஓட்டுறவர் கிட்ட யாராச்சும் பேசிக்கிட்டே இருப்பாங்களாமா?"

"பக்கத்துல இன்னொரு பைலட் இருப்பாரும்மா."

அம்மா இருக்கைவாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"அவரு நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்தவரா இல்லாம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.