கிழமை சொல்லாத கப்பல்

தென்காசியில் ஏறிய ரயில் எர்ணாகுளத்தில் இறக்கிவிட்டபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஆட்டோ பிடித்துப் படகுத் துறைக்குப் போனேன். ஃபோர்ட் கொச்சிக்குச் சீட்டு ஆறு ரூபாய். எல்லையில் சண்டை மூண்டிருந்த நாட்கள் அவை. ரயில் முழுக்க ஆளாளுக்குக் கைபேசியில் விமானங்கள் எரிவதைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். எது நிஜம், எது விளையாட்டுச் செயலியிலிருந்து எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

படகு நகர்ந்தது. வலப்பக்கம் வல்லார்பாடம் சரக்குத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், தண்ணீர் குடிக்க வந்து குனிய மறந்த மிருகங்கள்போல நின்றன. இடப்பக்கம், தூரத்தில், சாம்பல் நிறக் கப்பல்கள். எண்ணத் தொடங்கினேன். பயணம் எழுதுகிறவனுக்கு எண்ணுவது கைப்பழக்கம்.

மட்டாஞ்சேரியில் என் சித்தப்பா மகன் பரமசிவம் இருக்கிறான். பிறந்ததே அங்கேதான், குடிநீர் வாரியத்தில் குழாய் வேலை. அவன் மகள் பவித்ரா கடற்படையில் சேர்ந்து, போர்க்கப்பல் ஒன்றில் இருக்கிறாள். "அண்ணா, ரெண்டு நாளு வந்து இருங்களேன். வீடு பேசாம கெடக்கு" என்று அவன் கூப்பிட்டதால்தான் போனேன்.

படகை விட்டு இறங்கி, ஐம்பது ரூபாய் ஆட்டோவில் வீடு சேர்ந்தேன். பரமசிவத்தின் மனைவி லட்சுமி கதவைத் திறந்தாள். அவள் காதில் சின்னத் தங்கத் தோடு. அவளுடையது இல்லை. கப்பல் கிளம்புவதற்கு முன்பு பவித்ரா தன் தோட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிடுவாளாம். எப்போது, எங்கே என்று அவளும் சொல்லமாட்டாள், இவர்களும் கேட்கமாட்டார்கள். தோடு கைக்கு வந்தால் மகள் கடலில். இப்போது பவித்ராவின் கைபேசி அணைந்து கிடந்தது.

"சாப்பிடுங்க அத்தான்" என்று கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்தாள்.

நான்கு மணிக்குப் பரமசிவம் என்னைச் சாயா குடிக்கக் கூட்டிப்போனான். யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் போகிற வழியில் ஒரு கடை. சுக்குக் கிடங்கின் வாசனை தெருவையே காரமாக்கியிருந்தது. சாயா பன்னிரண்டு ரூபாய். பெஞ்சில் போர் நடந்துகொண்டிருந்தது.

"நம்ம ரஃபேல் பெருசா, அவன் ஜே-டென் பெருசா? விமானத்தைப் பாக்காதே, அதுல தூக்கிட்டுப் போற ஏவுகணையைப் பாரு" என்றார் ஔசேப்பு சேட்டன். மஸ்கட்டில் நெடுங்காலம் வேலைபார்த்துத் திரும்பியவர். பிஸ்கட் பாட்டிலில் கைபேசியைச் சாய்த்து வைத்திருந்தார்.

"இக்கரையில பிரம்மோஸ் இருக்கு சேட்டா. சத்தத்தைவிட மூணு மடங்கு வேகம்" என்றார் ஹம்சா இக்கா. கிடங்கில் மூட்டை இறக்குகிறவர்.

"வானத்துல சரி. கடல்ல? விமானந்தாங்கிக் கப்பல் நமக்கு ரெண்டு, அவனுக்கு இல்லே. ஆனா அவன் நீர்மூழ்கி சீனாக்காரன் குடுக்கறது. அந்த சீனாக்காரன்கிட்ட தாங்கிக்கப்பல் எத்தரை இருக்குன்னு தெரியுமோ?" என்று சேட்டன் விடவில்லை.

மோகன்லாலா மம்மூட்டியா என்று சண்டை போடுகிற அதே குரல்கள், அதே சந்தோஷம். ஔசேப்பு சேட்டன் உள்ளங்கையை மேஜைக்கு ஒரு விரல் உயரத்தில் பிடித்து, சாயா கிளாஸை நோக்கி வழுக்கவிட்டார். "இப்படி வரும். தண்ணியோட ஒட்டி. ராடாருக்கு கடைசியிலதான் தெரியும். முதல்ல கப்பல்ல இருக்கற ஏவுகணை அதை அடிக்கப் பாக்கும். தப்பிச்சா பக்கத்துல வந்ததும் துப்பாக்கி சுடும். அதுவும் தப்பிச்சா..." விரல் கிளாஸைத் தொட்டது. சாயா ததும்பியது. பரமசிவம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடா பரமா, நீ எதுக்குப் பயப்படறே? நின்றெ மோளோட கப்பல் துறையில சுகமா கெடந்து ஒறங்குது!"

சேட்டன் சொன்னதும் பெஞ்சு சிரித்தது. பரமசிவம் எழுந்துவிட்டான். "யாரு சொன்னது ஒறங்குதுன்னு? அது போயாச்சு சேட்டா!" என்று தொடங்கி, ஒரு கிழமையைச் சொன்னான். ஒரு திசையைச் சொன்னான். கப்பலின் பெயரையும் சொன்னான். மூன்றையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

சிரிப்பு நின்றது. ஹம்சா இக்கா மட்டும் மெதுவாக, "பரமா, வாயை மூடு" என்றார். ஔசேப்பு சேட்டன் கைபேசியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "திசை உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது அண்ணா. தோடு வந்த கிழமைதான் தெரியும். திசை வாயில வந்துடுச்சு. சண்டை எங்கேயோ அங்கேதானே போகும்னு..." நின்றான். "சரியா இருந்துட்டா?"

வீட்டில் சொன்னதும் லட்சுமி அடுப்பை அணைத்தாள். "ஔசேப்பு சேட்டன் போன்ல படம் பிடிச்சிட்டு இருந்திருப்பாரே. டெய்லி பிடிச்சு குடும்ப குரூப்புல போடறவராச்சே."

எங்கள் இருவருக்கும் அப்போதுதான் பிஸ்கட் பாட்டிலில் சாய்ந்திருந்த கைபேசி ஞாபகம் வந்தது.

அவர் வீடு இரண்டு சந்து தள்ளி. லட்சுமி முன்னால் நடந்தாள், ஓடாமல், ஓட்டத்தைவிட வேகமாக. பழம்பொருள் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று மாலை விளக்கணைப்பு ஒத்திகை. இறங்கும் ஒவ்வொரு ஷட்டருக்கும் என் தோள் துள்ளியது.

"சேட்டா, அதை அனுப்பிட்டீங்களா?"

"அப்பவே அனுப்பிச்சல்லோ. நல்ல ரசமா இருந்துது..." அவர் சிரிப்பு லட்சுமியின் முகத்தைப் பார்த்துக் கரைந்தது. கண்ணாடியைத் தேடினார். குடும்பக் குழுவில் அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள், பாதிப்பேர் வளைகுடாவில். மூன்றுமுறை வேறெதையோ அழுத்தினார். லட்சுமி வாங்கி, 'எல்லோருக்கும் அழி' என்பதைத் தொட்டாள். அழிந்தது. அதற்கு முன்பே துபாயிலிருந்து ஒரு மருமகன் கைதட்டும் பொம்மை போட்டிருந்தான்.

சேட்டன் அவனைக் கூப்பிட்டார். "வேற யாருக்காவது அனுப்பினியா மோனே?"

"இல்ல அங்கிள்." பிறகு சேர்த்துக்கொண்டான். "அனுப்பியதா ஓர்மை இல்ல."

ஞாபகம் இல்லை என்ற அந்த இரண்டாவது வாக்கியத்தோடு நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். சைரன் ஒலித்தது. ஔசேப்பு சேட்டனே எழுந்து விளக்கை அணைத்தார். மட்டாஞ்சேரி முழுவதும் ஓடுகளும் கிடங்குகளும் தண்ணீரும் ஒரே கறுப்பாயின. ஒத்திகை என்று எல்லோருக்கும் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. இருட்டில் அவர் குரல் வயதானவருடையதாகக் கேட்டது. "லட்சுமி, எனக்கும் அவ மோளுதான். நான் சும்மா பந்து விளையாட்டு மாதிரி..."

"தெரியும் சேட்டா" என்றாள். மன்னித்தாளா என்று குரலில் தெரியவில்லை. இருளில் அந்தத் தோடு மட்டும், எங்கிருந்தோ வந்த வெளிச்சத்தில், ஒருமுறை மின்னியது. அதைக்கூட மறைக்க வேண்டும்போல எனக்கு இருந்தது.

மறுநாள் காலை கிளம்பினேன். அதுவரை பவித்ராவிடமிருந்து அழைப்பு வரவில்லை. படகில் உட்கார்ந்ததும் இடப்பக்கம் பார்த்தேன். திரும்புகையில் அந்தக் கப்பல்கள் வலப்பக்கம் என்று பிறகே உறைத்தது. முகத்தைத் திருப்பவில்லை. நேற்று எண்ணியதையும் மறக்க முயன்றேன். மறக்க நினைக்கிற எண்தான் நாக்கின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது.

பாதித் தண்ணீரில் பரமசிவம் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது. "அண்ணா, பேசிட்டா. ஒரு நிமிஷந்தான். நல்லா இருக்காளாம்."

எங்கே என்ற சொல் என் பல்லுவரை வந்தது. கடித்துக்கொண்டேன். "நீ என்ன கேட்டே?" என்றேன்.

"சாப்பிட்டியான்னு கேட்டேன். என்ன சாப்பிட்டேன்னுகூடக் கேக்கல அண்ணா."

பயணக் கட்டுரைக்குத் தேதி வேண்டும். இதில் இல்லை. துபாய் மருமகனுக்கு என்ன ஓர்மை வந்தது என்பதும் எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்களூரில் ஒருவர் வாசலைத் தாண்டினால் எங்கே என்று கேட்காமல் விடமாட்டார்கள். கேட்காவிட்டால் கோபம் என்று பொருள். பேருந்தைவிட்டு இறங்கியதும் பூக்கடைக்காரர் கேட்டார். "எங்க போயிட்டு வாரீக?"

"கொச்சிக்கு."

"அடேயப்பா! அங்க போர்க்கப்பலெல்லாம் நிக்குமாமே, பாத்தீகளா? எத்தன நின்னுச்சு?"

"ஒரே கூட்டம்" என்றேன். "பாக்க முடியல."