பத்தாயிரத்து ஒன்றை உடைத்த பானுமதி

கம்பைநல்லூரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் பானுமதிக்கு ஒரு பைத்தியம் உண்டு. முன்னால் போகும் வண்டியின் நம்பரை உடைத்துப் பார்க்காமல் முந்த மாட்டாள். உடைப்பது என்றால், மீதியில்லாமல் எந்த எண்ணால் வகுபடும் என்று கண்டுபிடிப்பது. உடைந்துவிட்டால் ஒரு கூச்சல் போடுவாள் பாருங்கள், பின்சீட்டில் இருக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போடும். என் தலையெழுத்து, தினமும் அந்த ஆட்டோவில்தான் வேலைக்குப் போகிறேன்.

அந்தப் பைத்தியத்தை நான் கையெடுத்துக் கும்பிட்டது சென்ற கார்த்திகையில்.

மாரியம்மன் கோயில் திடலில் பத்தாயிரத்து ஒரு விளக்கு ஏற்ற ஏற்பாடு. மங்கல காரியத்தில் எண்ணிக்கை பூஜ்யத்தில் முடியக் கூடாதே, அதற்காகத்தான் அந்த ஒன்று. நூறு பெண்கள், ஆளுக்கு நூறு விளக்கு. மிஞ்சிய ஒற்றை விளக்கை, போன வருஷம் கணவனை இழந்த நிர்மலாவிடம் கொடுத்து ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார் விழாக் குழுத் தலைவர் ராஜாமணி.

"எனக்கும் ஒரு வரிசை குடுத்தா என்னக்கா?" என்று அந்தப் பெண் பானுமதியிடம் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. பானுமதி நேரே போய்த் தலைவர் முன்னால் நின்றாள்.

"நானா ஒதுக்கறேன்? கணக்கு அப்பிடிம்மா. மிச்சமில்லாம சமமாப் பிரிச்சுக் காட்டு, அவளையும் வரிசையில உக்கார வெக்கறேன்" என்றார் அவர், ஊரே கேட்க.

பானுமதி செல்போனில் கால்குலேட்டரைத் திறந்தாள். மூன்றால் போகவில்லை. ஏழுக்கு மீதி ஐந்து. பதினொன்றுக்கு இரண்டு.

"நூறு வரைக்கும் பாத்தாப் போதுங்க. அதுக்கு மேல வகுக்கற நம்பர் ஒண்ணு இருந்தா, அதோட பெருக்கற ஜோடி நூறுக்குள்ள இருந்தே ஆவணும்."

நாற்பதுகள் போயின, அறுபதுகள் போயின. அந்த எண் எதற்கும் மசியவில்லை. ராஜாமணி மீசையைத் தடவினார். எழுபத்தொன்றுக்கும் மீதி வந்தது. உடையாத எண்ணாக இருந்து தொலைத்தால் அந்த மனுஷன் சொன்னதுதான் சட்டம்.

"ஒடைஞ்சிருச்சு! எழுபத்தி மூணுங்க தலைவரே! நூத்தி முப்பத்தி ஏழு பேரு, ஆளுக்கு எழுபத்தி மூணு வெளக்கு. மிச்சமே கெடையாது!"

"நிர்மலாவச் சேத்தாலும் நூத்தி ஒரு பேருதானே? இன்னும் முப்பத்தாறு பேருக்கு எங்க போவ?"

"வூட்ல இருக்காங்க. நீங்க கூப்புடாம வுட்டவங்க."

ஆட்டோ பறந்தது. நானும் தொற்றிக்கொண்டேன். கணவன் போனபின் எந்த விசேஷத்துக்கும் அழைப்பே வராத பெண்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். செல்லம்மாள் என்ற அம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு ஈரக்கையோடு வாசலுக்கு வந்தார்.

"நெசமா என்னையுமா?"

"நீங்க வரலைன்னா கணக்கு நிக்காதுங்க ஆத்தா, ஏறுங்க!"

பொழுது சாயும் முன்பே முப்பத்தாறு பேரும் திடலுக்கு வந்துவிட்டார்கள். சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் ராஜாமணி வரிசைகளை மாற்றிப் போட வைத்தார். நிர்மலா பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள்.

எல்லா விளக்கும் எரிந்தபின் அவள் வரிசை எதுவென்று தேடிப் பார்த்தேன். அடையாளமே தெரியவில்லை.