தடைக்கோடு

எங்கள் வீட்டில் தரை ஒரே மட்டத்தில் இருந்ததில்லை. சிட்லபாக்கத்தில் பாதி வீடுகள் அப்படித்தான். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுவிட்டுப் போவார்கள். சாலை ஏறும், வீடு இறங்கும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த விதியின் நகலை இணைத்து நான் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் வந்ததுண்டு. அவற்றில் என் முகவரி மட்டும் சரியாக இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் கூடத்துக்குள் வந்து போன பிறகு, நாங்களும் ஊரோடு ஒத்துப்போய்த் தரையை ஏற்றினோம். கூடம், சமையலறை, முன்னறை எல்லாவற்றிலும் ராபிஷ், அதாவது இடித்த கட்டடக் கழிவு, கொட்டி மேலே டைல்ஸ் பதித்தாயிற்று. பின்னறை மட்டும் பாக்கி. அங்கே என் மனைவி படுத்த படுக்கையாக இருந்தாள். கட்டிலை வேறு இடத்துக்கு மாற்றினால் சில நாட்களில் முடித்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னார். அவள் என்னைக் கூப்பிட்டு, "நான் போனப்புறம் ஏத்திக்குங்க. இப்ப என்னைத் தூக்கித் தூக்கி வைக்காதீங்க" என்றாள். அதனால் கூடத்திலிருந்து அந்த அறைக்கு ஒரு படி இறங்க வேண்டியதாயிற்று. வீட்டில் பழைய மொசைக் தரை மிஞ்சியது அங்கே மட்டும்தான்.

அவள் போனாள். நான் ஏற்றவில்லை. கொத்தனார் கேட்டபோது மழை முடியட்டும் என்றேன். மழை முடிந்ததும் மணல் சரியில்லை என்றேன். ஒரு ஃபைலை நகரவிடாமல் வைத்திருப்பது எப்படி என்று அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பழகியவன் நான். கொத்தனாரெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை.

பொருட்படுத்த வேண்டியது என் மகளைத்தான். அவள் சிங்கப்பூரில் இருக்கிறாள். வரும்போதெல்லாம் அந்தப் படியில் நின்று என் முழங்காலைப் பார்ப்பாள். போன முறை வந்தபோது நிபந்தனை போட்டாள். நான் ஒரே ஒரு தடவை விழுந்தால் போதும், வீட்டைப் பூட்டிவிட்டு வண்டலூர்ப் பக்கம் முதியவர்களுக்கென்று கட்டியிருக்கும் அடுக்ககத்துக்கு வந்துவிட வேண்டும், அதற்கு மேல் பேச்சே கிடையாது. சரி என்றேன். விழுவதற்கு நான் எங்கே போகப்போகிறேன் என்ற தைரியம்தான்.

வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாள் தன் மகளோடு அஸ்தினாபுரத்துக்குக் குடிபோனபோது, என் மகள் அவளுக்குப் பதிலாக தரையைத் தானே பெருக்கும் ஒரு ரோபோ வாக்குவத்தை வாங்கி அனுப்பினாள். வட்டமாக, ஊத்தப்பம் சுடும் கல் அளவில் இருக்கும். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். உலகத்தில் வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள் என்பது அச்சுப்பிழைகளைப் பார்த்தபோதே தெரிந்தது.

அதன் வேலை மோசமில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் விரலளவு உயரத்தில் இருக்கும் கிரானைட் பட்டையை ஒருமுறை முனகிவிட்டு ஏறிவிடும். மிதியடியின் நூல்களைத் தின்று மூச்சு முட்டி நிற்கும். முன்னறை விரிப்பின் கறுப்புக் கரையைப் பள்ளம் என்று நினைத்துக்கொண்டு தாண்ட மறுக்கும். அடியில் இருக்கும் சென்சாருக்குக் கறுப்பும் பள்ளமும் ஒன்றுதான். மேலே ஏறக் கொஞ்சம் தெரியும், கீழே இறங்கத் தெரியாது. பின்னறைப் படியின் விளிம்புக்கு வந்ததும் நின்று, யோசிப்பதுபோல ஒரு கணம் இருந்துவிட்டுப் பின்வாங்கும். மகளின் போனில் அது வரைந்து காட்டும் வரைபடத்தில் என் வீடு அந்தப் படியோடு முடிந்துவிடும்.

பழைய அம்மாள் பெருக்கும்போது பேசுவாள். பாதி தெருவின் குடும்ப விவகாரம் எனக்குத் தெரிந்தது அவளால்தான். இது பெருக்கும், பேசாது. எங்காவது மாட்டிக்கொண்டால் மட்டும் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் மரியாதையாக உதவி கேட்கும். அதே சமயம் சிங்கப்பூருக்கும் தகவல் போய்விடும். உடனே மகளிடமிருந்து போன் வரும். "அப்பா, உங்க தம்பி சோபா கீழ மாட்டிக்கிட்டான் பாருங்க" என்பாள். நான் தம்பியை எடுத்துவிடுவேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். சில நாள் காலையில் அது எங்கேயாவது மாட்டாதா என்று மிதியடியை நகர்த்தாமல் விட்டிருக்கிறேன்.

ஒருநாள் காலையில் குளித்துவிட்டு, தோளில் ஈரத் துண்டோடு, பின்னறை ஜன்னலைத் திறக்கப் போனேன். தாழ்ந்த அறை என்பதால் திறக்காவிட்டால் ஓதம் நாறும். தினமும் இறங்கும் படிதான். ஈரக்கால் டைல்ஸில் வழுக்கியது. கீழே மொசைக் தரையில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். வலது கணுக்கால் எனக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் ஒத்துழைக்கவில்லை. தவழலாம் என்று கையை ஊன்றியபோது இடுப்பும் மறுத்தது. போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. கிரில் கேட்டை உள்ளேயிருந்து பூட்டி வைப்பது என் பழக்கம். இந்தப் பகுதியில் தனியாக இருக்கும் கிழவர்கள் எல்லோரும் அப்படித்தான். மாற்றுச் சாவி யாரிடமும் கொடுத்ததில்லை. குரல் கொடுத்தேன். பக்கத்துத் தெருவில் போர்வெல் போடும் இயந்திரம் என்னைவிடச் சத்தமாக இருந்தது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கூடத்தின் தரை என் மார்பளவுக்குக் கொஞ்சம் கீழே தெரிந்தது. வீட்டை அந்த உயரத்திலிருந்து நான் பார்த்ததில்லை. அவள் பார்த்திருப்பாள். கட்டிலில் படுத்தபடி, கதவு வழியாக, எங்கள் கால்கள் மேலே போவதும் வருவதுமாக.

வழக்கமான நேரத்துக்கு ரோபோ கிளம்பிற்று. சோபாவைச் சுற்றி, மேஜையைச் சுற்றி, கடைசியில் படியின் விளிம்புக்கு வந்து நின்றது. என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. அதற்கு என்னைத் தெரியாது, பள்ளம் மட்டும் தெரியும். பின்வாங்கிப் போய்விட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இழுத்துக் கீழே தள்ளினால் அது உதவி கேட்கும், மகள் கூப்பிடுவாள், நான் எடுக்காவிட்டால் விஷயம் புரிந்துவிடும். விழுந்த செய்தி போன மாத்திரத்தில் நிபந்தனை அமலுக்கு வரும். என் வீட்டை ஒழிக்கும் மனுவை நானே கையெழுத்திட்டு அனுப்புவதற்குச் சமம். மறுபடி எழப் பார்த்தேன். மறுபடி. ஜன்னலில் வெயில் ஏறிற்று. நாக்கு வறண்டது.

ரோபோ இரண்டாம் சுற்றில் வந்தபோது துண்டை வீசினேன். துண்டின் ஓரம் அதன் பிரஷ்ஷில் சிக்கியது. இழுத்தேன். அது சக்கரங்களால் எதிர்த்தது. என்னைவிட அதற்கு அந்தப் படியில் பயம் அதிகம். இன்னொரு முறை இழுத்தேன். விளிம்பைத் தாண்டி என் பக்கத்தில் மல்லாந்து விழுந்தது. சக்கரங்கள் கொஞ்ச நேரம் காற்றில் சுற்றின. பிறகு அந்தப் பெண் குரல் எங்கள் இருவர் சார்பிலும் உதவி கேட்டது.

கூடத்தில் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. தம்பியைப் பற்றிக் கேலி செய்யத்தான் முதலில் கூப்பிட்டிருப்பாள். எத்தனையாவது அழைப்பில் அவளுக்குச் சிரிப்பு போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வந்தது எதிர்வீட்டுக்காரர். ரயில்வேயில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாசல் சாய்தளம் சாலைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் மனு போட்டு இடிக்க வைத்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸ் கேக் வருவதும் நின்றிருந்தது. கிரில்லுக்கு வெளியே நின்று கேட்டார்.

"சார், இன்னா, வுயுந்துட்டீங்களா? பாப்பா போன் பண்ணிச்சு. பூட்ட ஒடைக்கட்டா?"

ஒடைங்க என்றேன்.

"அப்பால இதுக்கொரு பெட்டிஷன் போட்டு வுட்றாதீங்க."

போடமாட்டேன் என்று உறுதிமொழி கொடுத்தேன். கம்பியை வைத்து நெம்பினார். உள்ளே வந்து என்னைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு ரோபோவையும் நிமிர்த்தி வைத்தார். என் மகளின் எண் அவரிடம் எப்படி என்று கேட்டேன்.

"டெய்லி காலைல உங்க வாசல் லைட்டு அணைஞ்சிச்சான்னு பாத்து அதுக்கு மெசேஜ் போடறது நான்தான் சார்" என்றார். "நீங்க பேசலன்னா இன்னா, லைட்டு பேசுதே."

எலும்பு முறியவில்லை, சவ்வு கிழிந்திருந்தது. மகள் இரண்டாம் நாளே வந்தாள். அதற்கு முன்பே, விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, போனில் தெரியும் வரைபடத்தில் பின்னறை வாசலில் ஒரு தடைக்கோடு வரைந்திருந்தாள். அந்தக் கோட்டை ரோபோ இனித் தாண்டாது, விழவும் விழாது. எனக்கு அப்படி ஒரு கோடு வரைய முடியவில்லை என்ற வருத்தம் அவளுக்கு.

கோபிக்கவில்லை. படியில் உட்கார்ந்து மொசைக்கைக் கையால் தடவிப் பார்த்தாள். "ரூமை ஏத்துங்க, இல்ல வண்டலூர் வாங்க. ரெண்டுல ஒண்ணுப்பா" என்றாள்.

"உங்கம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மா போனப்புறம் ஏத்திக்கச் சொன்னாங்க. அன்னிக்கு நானும் இங்கதான் நின்னுட்டிருந்தேன்."

அந்த வாக்கியத்துக்கு மேல்முறையீடு இல்லை. கொத்தனார் வந்தார். கட்டில் வெளியே போயிற்று. ராபிஷ் கொட்டுவதை நான் பார்க்கவில்லை. கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். இப்போது வீடு முழுக்க ஒரே மட்டம், ஒரே நிற டைல்ஸ். மாற்றுச் சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. என் வீடு என்னிடம் இருக்கிறது.

பின்னறை வாசலில் என் கால் மட்டும் இன்னும் இறங்கப் பார்க்கிறது. எதிர்பார்த்ததற்கு முன்பே தரை வந்து இடிக்கும்போது உடம்பு ஒருமுறை அதிர்கிறது.

ரோபோவும் அங்கேதான் நிற்கிறது. பள்ளம் இல்லை, படி இல்லை. மகள் வரைந்த கோடு இருக்கிறது. அதை அழிக்க அவள் மறந்துவிட்டாள். தினமும் அந்த வாசல் வரை வந்து, ஒரு கணம் நின்று, திரும்பிப் போகிறது. அழிப்பது எப்படி என்று கையேட்டில் இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதுகூட எனக்குத் தெரியும். அந்த அறையை நான் துடைப்பத்தால் பெருக்கிக்கொள்கிறேன்.