பதிமூன்றாவது ஆள்

போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஆர்.கே.பேட்டை தாண்டி ஒரு டீக்கடை வாசலில், தலையில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் பைக் இல்லை. கணவர் இல்லை, கொழுந்தன் இல்லை... கையில் போன்கூட இல்லை!

டீக்கடை அக்கா சொன்னார்: "அந்த ஹெல்மெட்டக் கழட்டும்மா. வண்டியே இல்ல, அது எதுக்கு?"

எப்படி இங்கே வந்து சேர்ந்தேன்? அதைச் சொல்கிறேன்.

என் கணவர் தினமும் திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர். அந்தப் பெட்டி நண்பர்களுக்கு ஒரே ஆசை: எல்லோரும் பைக்கில் ஏலகிரி போக வேண்டும், ஒரு ராத்திரி தங்கித் திரும்ப வேண்டும். பேசுவார்கள், பேசுவார்கள்... யாரும் ரூம்கூட போட மாட்டார்கள். பொறுக்காமல் நான் கையில் எடுத்தேன்.

எடுத்த நாளிலிருந்து தூக்கம் போயிற்று. வழியில் யாராவது விழுந்தால்? மழை வந்தால்? மூன்று வயது மகளை முதன்முறையாக ஒரு ராத்திரி பிரிந்து இருக்கப்போகிறேனே, அவள் அழுதால்? 'அத்தை பேத்தியைப் பார்த்துக்கொள்வார்' என்று ஒரு மனசு. 'எந்த அம்மா இப்படிக் கிளம்புவாள்?' என்று இன்னொரு மனசு. வாட்ஸப் குரூப்பில் பதினோரு விதிகள் போட்டேன். மூன்றாவது விதி: ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது. ஏழாவது: யாராவது பின்தங்கிவிட்டால் நின்ற இடத்தைவிட்டு நகரக் கூடாது, ஒரு வண்டி தேடி வரும். ஒரு தாளில் பட்டியலும் போட்டேன். எட்டு வண்டி, பன்னிரண்டு பேர்.

முதல் நிறுத்தம் இந்த டீக்கடை. முன்னால் போகும் கணவரின் பின்னால் உட்கார்ந்தால் மற்றவர்கள் கண்ணில் படவில்லை. "இனிமே நான் வாசு வண்டியில வரேன்" என்று அவரிடம் சொன்னேன். வாசு என் கொழுந்தன். கடைசி வண்டி அவனுடையது.

கணவரிடம் சொன்னேன். வாசுவிடம் சொன்னேனா?

பட்டியலைப் பார்த்து எண்ணினேன். பன்னிரண்டும் சரி. கட்டை விரலைத் தூக்கி 'போலாம்' என்று நானே அனுப்பிவைத்தேன். பெஞ்சில் யாரோ விட்டுப்போன ஒரு கையுறையை எடுக்கத் திரும்பினேன். எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால்... தூசி மட்டும்தான்.

அக்காவின் போனை வாங்கினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண், என் எண். அந்த போனோ கணவரின் ஹேண்டில்பாரில் மேப் காட்டிக்கொண்டு போகிறது! அடித்தேன், அடித்தேன். எடுக்கவில்லை. மூன்றாவது விதி. நான் போட்டதுதானே?

அப்போது பார்த்து திருத்தணி பஸ் வந்து நின்றது.

முக்கால் மணி நேரத்தில் வீடு. மகள் எழுந்திருக்கும்போது பக்கத்தில் இருக்கலாம். ஒரு வாரமாக மனசு தேடிய சாக்கு, தானாகவே பஸ் ஏறி வந்திருக்கிறது. படியில் ஒரு கால் வைத்தேவிட்டேன்.

"ஏறும்மா... வரியா, இல்லியா?" என்றார் கண்டக்டர்.

"இன்னாம்மா நீ!" என்று கடைக்குள்ளிருந்து அக்காவின் குரல். "ஒன்னத் தேடிகினு அவங்க வந்தா, நான் இன்னா பதில் சொல்றது?"

கணவர் வந்து, என்னைக் காணாமல் அந்த ரோட்டில் நிற்பது கண்முன் வந்தது. காலை எடுத்துவிட்டேன். பஸ் போய்விட்டது. சரியாகத்தான் செய்தேனா? பஸ் மறையும்வரை சந்தேகம்தான்.

இருபது நிமிடம் கழித்து அக்காவின் போன் அடித்தது. சோளிங்கரில் பெட்ரோல் போட நிறுத்தியபோது கணவர் மிஸ்டு காலைப் பார்த்திருக்கிறார்.

"ஹலோ, யாருங்க? இந்த நம்பருக்கு ஏழு வாட்டி போன் பண்ணியிருக்கீங்க..."

"நான்தாங்க!"

"நான்தான்னா... ஏய், நீ வாசு வண்டியில இல்ல?"

விதிப்படி ஒரு வண்டிதான் திரும்பி வர வேண்டும். எட்டும் வந்தன. வாசு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "அண்ணன் வண்டியில ஏறிட்டீங்கன்னு நெனச்சேன் அண்ணி... லிஸ்ட்டு கரெக்டா இருந்திச்சே?"

ஆமாம், கரெக்ட்தான். பன்னிரண்டு பெயரில் என் பெயர் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தோசை கணக்குப் பண்ணி மாவு கரைத்துவிட்டு, கடைசியில் எனக்கு மாவு இருக்கிறதா என்று பாத்திரத்தை வழித்துப் பார்க்கிறவள்தானே நான்? நீங்களும் அப்படித்தானா?

அதன் பிறகு ஏலகிரிவரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்து ஒரே குரலில் கத்தினார்கள்: "பதிமூணு!"

ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்கு ஓடினேன். மகள் அத்தையின் மடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா அதுக்குள்ள வந்துட்டே?"

அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால், இதை ஒரு நாள் முன்னாலேயே கேட்டிருப்பேன்!