நாணயக்காரர் காசைத் தவறவிட்ட நாள்

எல்லோரும் அவரை நாணயக்காரர் என்றே கூப்பிட்டார்கள். தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துவது அவர் வேலை. விடுமுறை நாட்களில் பள்ளிகளிலும் ஆலை விழாக்களிலும் கைவித்தை. "ரொம்ப நாணயமான மனுஷர். ஆனா நாணயம் எங்க இருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டார்" என்பார் தபால்காரர்.

பெட்டி, திரை, புகை எதுவும் அவரிடம் கிடையாது. ஒரு வெள்ளி நாணயம், ஒரு சீட்டுக்கட்டு, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, அவ்வளவுதான். கட்டைவிரலின் அடிச்சதையில் நாணயத்தைக் கவ்வி வைப்பார். கவ்வுவது பெரிய காரியமில்லை. கவ்விய கை சும்மா இருக்கிற கை போலத் தெரிய வேண்டும். அதற்காகவே அதைக் கவ்வியபடி பல் தேய்ப்பார், பூட்டைத் திறப்பார், பேப்பர் படிப்பார். மேடையில் வெறும் இடது கையை அவரே கண் எடுக்காமல் பார்ப்பார். கூட்டமும் அங்கேதான் பார்க்கும்.

முப்பத்தோரு வருடம் ஒத்திகைக்கு எதிரில் உட்கார்ந்தவள் மனைவி. காய் நறுக்கிக்கொண்டே, "வலது கைல இருக்கு" என்பாள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"பயந்தா உங்க தோள் ஏறுது."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள். அவர் அழவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். வந்தவர்கள் கையைப் பிடித்தார்கள்; பிடிக்கக் கொடுத்தார். மூன்றாவது வாரம் ஆலை விழா.

"போகாதீங்கப்பா. நான் சொல்லிக்கிறேன்" என்றாள் மகள்.

"ஒத்துக்கிட்டாச்சும்மா."

அன்று அவர் தோள் ஏறவில்லை. பிடிபடுவோமோ என்ற பயம் எங்கேயோ போயிருந்தது; அதோடு மற்றதெல்லாமும் போயிருந்தது. நாணயம் மறைந்தது, வந்தது. "இந்த மாதிரி நீங்க என்னைக்கும் செஞ்சதில்ல சார்" என்றார் ஆலை மேலாளர். பேர் பரவி, இரண்டு வருடம் அழைப்புக்குக் குறைவில்லை. கைதட்டல் அவருக்குப் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி கேட்டது.

போன மாதம் ஒரு பள்ளி விழா. எத்தனையோ ஆயிரம் தடவை செய்த அதே வித்தை. நாணயம் வழுக்கி விழுந்து, உருண்டு, தலைமையாசிரியை நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்குக் காது மடல் சுட்டது. வெட்கம்தான். மண்டிபோட்டு நாணயத்தை எடுக்கும்போது, அந்த வெட்கத்தை அடையாளம் கண்டுகொள்ளவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"காசுக்கு என்மேல கோபம் போல" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்குக் காசைக் கீழ போட்டுட்டேன்" என்றார்.

மகள் அவர் முகத்தையே பார்த்தாள். "வருத்தமா இருக்காப்பா?"

"இருக்கு போலத்தான் தெரியுது."

"அம்மா அலமாரியைத் திறக்கலாமா?" என்று கேட்டாள். இரண்டு வருடமாக அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

"திற" என்றார்.

துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார்கள். எது யாருக்கு என்று மகள் கேட்டாள். பாதிக்குப் பதில் சொன்னார். அடுத்து ஒரு பச்சைச் சால்வை வந்தது. அதைப் பிரித்து, மறுபடி மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.